மூடி வைத்த தொட்டியும் நம் பொறுப்புதான்: வீட்டுச் சாக்கடை, செப்டிக் டேங்க் பராமரிப்பு



சுத்தத்தைப் பற்றி நம் சமுதாயத்துக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியது குறைவு. ஃபிக்ஹ் நூல்களைத் திறந்தால் முதல் பாடமே தஹாரத்தான். எந்தத் தண்ணீரில் உளூச் செய்யலாம், ஆடையில் நஜீஸ் பட்டால் எப்படிக் கழுவ வேண்டும் என்று சின்னப் பிள்ளைகள்கூட மக்தபில் ஒப்பிப்பார்கள். ஆனால் கழுவிய பிறகு அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது. கழிப்பறையில் தண்ணீரை ஊற்றியதும் கடமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம்.

கடமை அங்கே முடிவதில்லை. நம் வீட்டிலிருந்து வெளியேறும் அசுத்தம் இன்னொருவர் கிணற்றில் கலக்காமலும், இன்னொருவர் வாசலில் தேங்காமலும், அதை அள்ள வந்தவரின் உயிரைப் பறிக்காமலும் இருக்கும்வரை அதற்கு நாம்தான் பொறுப்பாளிகள். மக்கள் நடக்கும் பாதையிலும், ஒதுங்கும் நிழலிலும், தண்ணீர்த் துறைகளிலும் மலஜலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகத் தடுத்தார்கள். தேங்கி நிற்கும் தண்ணீரில் சிறுநீர் கழிப்பதையும் தடுத்தார்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்றுக் கொடுத்தார்கள். அன்று தனிமனிதன் திறந்த வெளியில் செய்த செயலை இன்று நம் வீட்டுக் குழாயும் தொட்டியும் நமக்காகச் செய்கின்றன. குழாய் செய்தாலும் பொறுப்பு நம்முடையதுதான்.

இந்தக் கட்டுரையில் வீட்டுச் சாக்கடைக் குழாய், செப்டிக் டேங்க் இரண்டையும் எப்படிப் பராமரிப்பது என்பதைப் பார்ப்போம். நெருப்பெரிச்சல் போன்ற பகுதிகளில் வாழும் குடும்பங்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். 2011-ல் திருப்பூர் மாநகராட்சியுடன் சேர்க்கப்படும் வரை தனி ஊராட்சியாக இருந்த ஊர் இது. பனியன் கம்பெனிகள் பெருகப் பெருக, தோட்டங்கள் இருந்த இடத்தில் லைன் வீடுகளும் மாடி வீடுகளும் வந்துவிட்டன. வீடுகள் பெருகிய வேகத்தில் கழிவுநீருக்கான வழி பெருகவில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லாத வீட்டுக்கு செப்டிக் டேங்க்தான் ஒரே கதி.

தொட்டிக்குள் என்ன நடக்கிறது?

செப்டிக் டேங்க் வெறும் சேமிப்புத் தொட்டி அல்ல. உள்ளே போகும் கழிவு மூன்று அடுக்காகப் பிரிகிறது. கனமானவை அடியில் வண்டலாகப் படியும். எண்ணெய், கொழுப்பு, சோப்பு நுரை போன்றவை மேலே ஆடையாக மிதக்கும். நடுவில் ஓரளவு தெளிந்த தண்ணீர் நிற்கும். காற்று இல்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அடியில் உள்ள வண்டலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கின்றன. நடு அடுக்குத் தண்ணீர் மட்டும் மறுமுனைக் குழாய் வழியாக வெளியேறி, உறிஞ்சு குழிக்குப் போய் மண்ணில் இறங்க வேண்டும்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, வெளியே வரும் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நோய்க்கிருமிகள் நிறைந்தது. அதைத் தெருச் சாக்கடையில் திருப்பி விடுவது, அசுத்தத்தை அண்டை வீட்டு வாசலுக்கு அனுப்புவதுதான். இரண்டாவது, கிருமிகள் வண்டலை முழுவதும் தின்று தீர்ப்பதில்லை. ஒரு பகுதி மிஞ்சிக்கொண்டே இருக்கும். வண்டல் ஏற ஏற, நடுவில் தண்ணீர் தெளியும் இடம் குறையும். கடைசியில் கழிவு தெளியாமலேயே வெளியேறி உறிஞ்சு குழியின் மண் துளைகளை அடைத்துவிடும். அதன் பிறகு தொட்டியைச் சுத்தம் செய்தாலும் உறிஞ்சு குழி பழைய நிலைக்கு எளிதில் திரும்பாது. பல வீடுகளில் லாரி வந்து போன பத்தாம் நாளே மறுபடி பொங்குவதற்குக் காரணம் இதுதான்.

நம் பகுதியில் பலர் செப்டிக் டேங்க் என்று சொல்வது உண்மையில் உறை இறக்கிய குழிதான். அடியில் தளம் இருக்காது, ஓரத்தில் பூச்சு இருக்காது. கழிவு நேராக நிலத்துக்குள் இறங்கும். "எங்கள் தொட்டி இருபது வருடமாக நிறையவே இல்லை" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், அது நிலத்தடி நீரில் போய்ச் சேருகிறது என்றுதான் அர்த்தம். நல்ல தொட்டி நிறைய வேண்டும். நிறைவது அதன் குறை அல்ல.

எத்தனை பேருக்கு எவ்வளவு பெரிய தொட்டி?

செப்டிக் டேங்க் அளவுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பின் வழிகாட்டி இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வதாக வைத்துக்கொண்டால், 5 பேர் உள்ள வீட்டுக்கு 1.5 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், தண்ணீர் நிற்கும் ஆழம் 1 மீட்டர். அடிக் கணக்கில் சுமார் 5 அடிக்கு இரண்டரை அடி, ஆழம் மூன்றேகால் அடி. 10 பேருக்கு 2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். 20 பேருக்கு 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 1.3 மீட்டர் ஆழம். தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஓர் அடி காலி இடம் விட வேண்டும்.

இப்போது லைன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள். 5 பேருக்கான தொட்டி சுமார் 1,100 லிட்டர் பிடிக்கும். ஒருவர் நாளொன்றுக்கு 100 லிட்டர் செலவழிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், 5 பேரின் கழிவுநீர் அதில் ஏறத்தாழ இரண்டு நாள் தங்கும். தெளிவதற்கு நேரம் கிடைக்கும். அதே தொட்டியில் ஆறு வீடு, இருபது பேர் என்று சேர்த்துவிட்டால் தண்ணீர் அரை நாளுக்குச் சற்று மேல்தான் தங்கும். காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் பயன்படுத்தும்போது, உள்ளே வந்த கழிவு கலங்கியபடியே வெளியே போகும். வாடகைக்கு ஒரு வீடு கூடுதலாகக் கட்டும் சகோதரர்கள் மாடிக்குக் கம்பி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதுபோல, தொட்டி தாங்குமா என்றும் கணக்குப் பார்க்க வேண்டும்.

சுத்தம் செய்யும் செலவு வீட்டுக்காரருக்கா, குடியிருப்பவருக்கா என்ற தகராறு அடிக்கடி நம்மிடம் வருகிறது. இது பெரும்பாலும் ஊர் வழக்கத்தையும் பேசிய ஒப்பந்தத்தையும் பொறுத்தது. ஆகவே வாடகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்கும் மாதங்களில்தான் தொட்டி பொங்குகிறது.

குழாய் அடைப்பு தொடங்கும் இடம்

குழாய் அடைப்புகள் பெரும்பாலும் நம் கையால் வருபவை. சமையலறையில் முதல் எதிரி எண்ணெயும் கொழுப்பும். பிரியாணி தேக்சாவையும் கறிச் சட்டியையும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவும்போது கொழுப்பு உருகிப் போய்விட்டதுபோலத் தெரியும். நாலு அடி தள்ளிக் குழாய்க்குள் ஆறியதும் மறுபடி உறைந்து ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோறும் டீத்தூளும் படிந்தால் சில மாதங்களில் குழாயின் வாய் பாதியாகிவிடும். கழுவும் முன் பாத்திரத்தைப் பழைய காகிதத்தாலோ சாம்பலாலோ துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால் போதும், பாதி அடைப்பு வராது. வலீமா, நோன்புக் கஞ்சி போன்ற பெரிய சமையல் நடக்கும் இடங்களில், தண்ணீர் சாக்கடைக்குள் இறங்கும் முன் கொழுப்பு மிதந்து தங்க ஒரு சிறிய தொட்டி கட்டி, வாரம் ஒருமுறை அந்தக் கொழுப்பை அள்ளி எடுப்பது நல்லது.

குர்பானி நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். இரத்தம், சாணம், கொழுப்பு, குடல் கழிவு எதையும் வீட்டுச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ விடக் கூடாது. அது குழாயை அடைப்பதோடு, தெரு முழுவதும் நாறி, அந்த இபாதத்தின் மீதே அண்டை வீட்டார் முகம் சுளிக்கக் காரணமாகிவிடும். இடம் இருந்தால் ஆழமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். இல்லையென்றால் உறுதியான பையில் கட்டி, மாநகராட்சி வண்டி வரும் நேரத்தை ஜமாஅத் மூலம் முன்கூட்டியே கேட்டு ஒப்படையுங்கள்.

திருப்பூருக்கே உரிய இன்னொரு அடைப்பு பனியன் வேஸ்ட். நம் ஊரில் வண்டி துடைக்கவும், அடுப்பு துடைக்கவும், தரை துடைக்கவும் கட்டிங் வேஸ்ட் துணிதான். துடைத்த துண்டு பக்கெட்டோடு கழிப்பறையில் கொட்டப்படுவது சாதாரணமாக நடக்கிறது. பருத்தித் துணி தண்ணீரில் கரையாது. குழாய் வளைவில் ஒரு நூல் சிக்கினால் அடுத்த நூல் அதில் சுற்றிக்கொள்ளும், கயிறு திரித்ததுபோல் ஆகிவிடும். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டுப் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் குடும்பங்கள் நூல் பிசிறைக் கூட்டித் தனியாக எடுத்துவிட்டுத்தான் தரையைக் கழுவ வேண்டும். குழந்தைகளின் டயப்பர், பெண்களின் நாப்கின், தலைமுடி, ஷாம்பு பாக்கெட் இவற்றுக்கும் இதே சட்டம்தான். கழிப்பறையில் மூடி போட்ட ஒரு குப்பைக் கூடை வையுங்கள். இதைப் பெண்கள் வாய்விட்டுக் கேட்கத் தயங்குவார்கள். வீட்டு ஆண்கள் கேட்காமலே வாங்கி வைத்துவிட வேண்டும்.

குழாய் அடைத்துக்கொண்டால் முதலில் ஒன்றைப் பாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தண்ணீர் மெதுவாகப் போகிறதா, எல்லா இடத்திலும் அப்படியா? ஒரு இடம் மட்டும் என்றால் கோளாறு அந்த நானி ட்ராப்பிலோ அதன் கிளைக் குழாயிலோ இருக்கும். ஜாலியை எடுத்து முடியையும் குப்பையையும் அள்ளி, ரப்பர் பம்ப் வைத்து அமுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எல்லா இடத்திலும் மெதுவாக இருந்தால் வெளியே உள்ள சேம்பரைத் திறந்து பாருங்கள். சேம்பர் நிறைந்து நின்றால் அடைப்பு அதற்கும் தொட்டிக்கும் நடுவில், அல்லது தொட்டியே நிறைந்துவிட்டது. சேம்பர் காலியாக இருந்தால் அடைப்பு வீட்டுப் பக்கம். இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் தரையை உடைக்கும் செலவைத் தவிர்க்கும்.

புதிதாகக் குழாய் போடுகிறவர்கள் நாலு அங்குலக் குழாய்க்குப் பத்து அடிக்கு மூன்று அங்குலச் சரிவு இருக்கிறதா என்று மேஸ்திரியிடம் கேட்டு, மட்டப் பலகை வைத்துப் பாருங்கள். திரும்பும் இடங்களிலெல்லாம் சேம்பர் வையுங்கள். அதன் மேல் டைல்ஸ் ஒட்டி மூடிவிடாதீர்கள்.

ஆசிட், பவுடர், சாணம்

அடைப்பு என்றதும் ஆசிட் பாட்டிலை எடுக்கும் பழக்கம் நல்லதல்ல. ஆசிட், ஃபினாயில், பிளீச்சிங் பவுடர் இவற்றை அளவுக்கு மேல் ஊற்றினால் தொட்டிக்குள் நமக்காக வேலை செய்யும் கிருமிகள் செத்துவிடும். வண்டல் சிதையாமல் வேகமாக நிறையும். இதைவிடப் பெரிய ஆபத்து, ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றுவது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். ஜன்னல் இல்லாத சிறிய கழிப்பறையில் அது உயிருக்கே ஆபத்து. "இரண்டையும் போட்டால் பளிச்சென்று இருக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மறுபக்கம், கிருமியை வளர்க்கிறோம் என்று சாணம், வெல்லம், கடைப் பவுடர் போடுகிறவர்களும் உண்டு. தேவையான கிருமிகள் கழிவிலேயே தாராளமாக இருக்கின்றன. இவை எதுவும் வண்டலை வெளியே எடுக்காது. எடுக்க வேண்டிய காலத்தில் எடுப்பது ஒன்றுதான் வழி.

தொட்டியிலிருந்து மேலே போகும் காற்றுக் குழாயையும் மறந்துவிட வேண்டாம். அது வாயு வெளியேறுவதற்கானது. அதன் வாயைச் சிமெண்ட் வைத்து அடைக்கக் கூடாது, திறந்தும் விடக் கூடாது. கொசுவலை கட்ட வேண்டும். அசுத்தத் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் யானைக்கால் நோயைப் பரப்புவது. அந்த வலை வெயிலில் இற்றுப்போகும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆளை இறக்காதீர்கள்

இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான்.

திருப்பூருக்குத் தெற்கே பல்லடம் அருகிலுள்ள கரைப்புதூரில், 2025 மே மாதம் ஒரு சாயத் தொழிற்கூடத்தின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்களில் மூன்று பேர் விஷவாயு தாக்கி உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட சாவுகள் தொழிற்கூடங்களில் மட்டும் நடப்பதில்லை. சாதாரண வீட்டுத் தொட்டிகளிலும் நடக்கின்றன.

மூடிய தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற வாயு சேரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் அது நம் மூக்கின் முகரும் சக்தியையே மரத்துப்போகச் செய்துவிடும். அதாவது, "இப்போது நாற்றம் இல்லை" என்று தோன்றுவதே மிக ஆபத்தான நேரமாக இருக்கலாம். இது காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். வண்டலைக் கலக்கும்போது ஒரேயடியாகக் கிளம்பும். சில மூச்சுகளில் ஆள் நினைவிழந்து விழுவார். மீத்தேனும் அங்கே இருக்கும், அது தீப்பிடிக்கும். பிராணவாயுவும் குறைவாக இருக்கும். மூக்கில் துணி கட்டுவதால் எந்தப் பயனும் இல்லை. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது வெடிப்புக்கு வழிவகுக்கும். திறந்து ஒரு மணி நேரம் விட்டுவிட்டோம் என்பதும் பாதுகாப்பு அல்ல.

ஒருவர் விழுந்ததும் அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரும் விழுகிறார். ஒரே தொட்டியில் இரண்டு மூன்று ஜனாஸாக்கள் வருவது இப்படித்தான். யாராவது உள்ளே விழுந்துவிட்டால் எவரும் இறங்காமல் தடுத்து, தீயணைப்புத் துறையை 101-லும் ஆம்புலன்ஸை 108-லும் அழைப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் உண்மையான உதவி.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒருவரைச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது அதன்படி குற்றம். முதல் முறையே 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். இது கம்பெனிக்கு மட்டும் அல்ல, வீட்டுக்காரருக்கும் பொருந்தும். 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் இப்படி இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது.

"ஏனுங்க பாய், லாரி நாளைக்குத்தான் வருமாம். ஒரு ஆயிரம் சேத்துக் குடுத்தீங்கன்னா நானே இறங்கி அள்ளிப் போட்டுடறனுங்க" என்று யாராவது வாசலில் வந்து நிற்கலாம். அவர் சம்மதித்துத்தானே கேட்கிறார் என்று நம் மனம் சமாதானம் சொல்லும். அந்தச் சம்மதம் பசியின் சம்மதம். தலைமுறை தலைமுறையாக இந்த வேலைக்குள்ளேயே தள்ளப்பட்ட ஒடுக்கப்பட்ட மக்கள்தான் இந்தத் தொட்டிகளில் அதிகம் இறக்கிறார்கள். பிறப்பால் எவரும் தாழ்ந்தவர் இல்லை என்று மிம்பரில் சொல்லும் நாம், நம் வீட்டுத் தொட்டியில் மட்டும் வேறொரு சட்டம் வைத்துக்கொள்ள முடியாது. ஓர் உயிரைக் காப்பது மனித குலத்தையே காப்பது போன்றது என்று குர்ஆன் கற்பிக்கிறது. அதற்கான வாய்ப்பு நம் வாசலிலேயே வருகிறது. அவரைத் திருப்பி அனுப்புங்கள். கையில் ஏதாவது கொடுத்தே அனுப்புங்கள். லாரி வரும்வரை ஒருநாள் கழிப்பறையை அண்டை வீட்டிலோ பள்ளிவாசலிலோ பயன்படுத்திக்கொள்வதில் என்ன குறைந்துவிடும்?

சாவுகள் நடப்பது பெரும்பாலும் அவசரத்தில். அந்த அவசரம் பிறப்பது நம் மறதியில். வீட்டில் விருந்து, தொட்டி பொங்கிவிட்டது, லாரி இல்லை, கிடைத்த ஆளைக் கூப்பிடு என்று போவதால்தான் ஓர் ஏழை உள்ளே இறங்குகிறார். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாமாகவே லாரியை அழைத்துவிட்டால் அந்த அவசரமே வராது. செப்டிக் டேங்க் பராமரிப்பு என்று நாம் சொல்வதன் சாரம் இதுதான்.

எப்போது எடுப்பது, யாரை அழைப்பது?

இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துவிட வேண்டும். ஆட்கள் அதிகமுள்ள லைன் வீடு என்றால் ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தேவைப்படலாம். பொங்கும்வரை காத்திருப்பது தவறான அளவுகோல். தண்ணீர் ஊற்றும்போது கடகடவென்று சத்தம் வருவது, கழிப்பறை மெதுவாக இறங்குவது, மழைக்குப் பிறகு நாற்றம் கூடுவது, தொட்டியைச் சுற்றி மண் ஈரமாக இருந்து புல் மட்டும் பச்சையாக வளர்வது, இவையெல்லாம் முன்னறிவிப்புகள். நாள் முழுவதும் வீட்டில் இருக்கும் தாய்மார்கள்தான் இவற்றை முதலில் கவனிப்பார்கள். அவர்கள் சொல்லும்போது "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன்பே, வெயில் காலத்தில் எடுப்பது நல்லது. எடுத்த தேதியை மீட்டர் பெட்டியின் உள்பக்கம் பெயிண்டால் எழுதிவையுங்கள். வீடு கைமாறினாலும் அடுத்தவருக்குப் பயன்படும். மூடி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தரையை உடைக்கும் வீடுகள் பல உண்டு. மூடியின் இடத்தையும் அதே இடத்தில் குறித்துவிடுங்கள். மூடி கனமாக, விரிசல் இல்லாமல் இருக்க வேண்டும். பழைய பலகையோ தகரமோ போட்டு மூடிய தொட்டி விளையாடும் குழந்தைக்கு எமன்.

தமிழ்நாட்டில் கழிவுநீர் லாரிகள் உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். மாநகராட்சி அலுவலகத்தில் கேட்கலாம், 14420 என்ற உதவி எண்ணிலும் அழைக்கலாம். லாரிக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமம் இருக்கிறதா? ஆளை இறக்காமல் ஹோஸ் வழியாகவே எடுப்பீர்களா? எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள்?

மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஒரு லாரிக் கழிவை இரவில் ஓடையிலோ பாறைக்குழியிலோ திறந்துவிட்டால், அது பல வீட்டார் ஒரே இடத்தில் வெட்டவெளியில் மலம் கழித்ததற்குச் சமம். அதில் நம் வீட்டுப் பங்கும் இருக்கிறது. முறையாகச் சுத்திகரிக்கும் நிலையங்கள் தமிழ்நாட்டில் வந்துவிட்டன. 2017-ல் கருங்குழி பேரூராட்சியில் மாநிலத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. நமக்கு அருகில், கோவை மாவட்டத்தின் பெரியநாயக்கன்பாளையத்திலும் ஒன்று இருக்கிறது.

கழிவைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று திருப்பூருக்கு வேறு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயக்கழிவு நொய்யலில் இறங்கி ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டபோது, அவற்றை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. தன் கழிவுக்குத் தானே பொறுப்பு என்ற பாடத்தைத் தொழில் அவ்வளவு விலை கொடுத்துப் படித்தது. வீடுகளும் அதைப் படிக்க வேண்டும்.

கிணறும் போர்வெல்லும்

உறிஞ்சு குழிக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் குறைந்தது 18 மீட்டர், அதாவது சுமார் 60 அடி இடைவெளி வேண்டும் என்பது தர நிர்ணய வழிகாட்டி. மூன்று சென்ட் மனைகளில் இது சாத்தியமில்லை என்பது உண்மைதான். நம் கொங்குப் பகுதி பாறை நிலம். பாறை வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் எதிர்பாராத திசையில் நெடுந்தூரம் ஓடும். ஆகவே 60 அடி இருந்தாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

இங்கே ஒரு மஸ்அலாவைத் தெளிவுபடுத்துவது அவசியம். அதிகமாக உள்ள தண்ணீரில் நஜீஸ் கலந்தால் நிறம், சுவை, வாடை மாறியிருக்கிறதா என்று பார்ப்பது ஃபிக்ஹின் அளவுகோல். இது உளூவுக்கும் குளிப்புக்குமான அளவுகோல். நோய்க்கிருமி இந்த மூன்றையும் மாற்றாமலே இருக்கும். உளூவுக்கு ஆகுமான தண்ணீர் என்பதாலேயே குடிப்பதற்குப் பாதுகாப்பானது என்று முடிவு செய்துவிடக் கூடாது. போர்வெல் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ பயன்படுத்தும் வீடுகள் அதைப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். அதுவரை நன்றாகக் கொதிக்கவைத்தே குடியுங்கள். வீட்டில் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கும் மஞ்சள் காமாலையும் வந்தால், கண்ணேறு என்று சொல்லும் முன் கிணற்றுக்கும் குழிக்கும் உள்ள தூரத்தை அளந்து பாருங்கள்.

பள்ளிவாசல் முன்மாதிரியாகட்டும்

பள்ளிவாசல்களில் ஒரு பொதுவான தவறு, உளூத் தண்ணீரையும் கழிப்பறைத் தண்ணீரையும் ஒரே தொட்டியில் விடுவது. ஜும்ஆ நாளில் நூற்றுக்கணக்கானோர் உளூச் செய்யும் தண்ணீர் ஒரேயடியாகச் செப்டிக் டேங்கில் பாய்ந்தால், படிந்த வண்டல் எல்லாம் கலங்கி வெளியேறிவிடும். உளூச் செய்து விழுந்த தண்ணீர் மறுபடி உளூவுக்கு உதவாது, ஆனால் அது நஜீஸ் அல்ல. தென்னைக்கும் வாழைக்கும் தனிக் குழாய் போட்டுத் திருப்பிவிடலாம். தொட்டியும் பிழைக்கும், மரமும் பிழைக்கும். வீடுகளிலும் குளியலறைத் தண்ணீரை முடிந்தவரை தனியாகப் பிரித்துவிடுங்கள்.

முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் மனம் வைத்தால் இன்னும் சில காரியங்களை எளிதில் செய்யலாம். முஹல்லாவில் எந்த வீட்டுத் தொட்டி எப்போது சுத்தம் செய்யப்பட்டது என்று ஒரு நோட்டுப் போடலாம். ஒரு தெருவுக்குச் சேர்த்து ஒரே நாளில் லாரியை வரவழைத்தால் கட்டணம் பேசிக் குறைக்கலாம். கட்ட வசதியில்லாத விதவைத் தாய்மார்கள், வாடகைக் குடும்பங்களுக்குப் பைத்துல்மாலிலிருந்து உதவலாம். முஸ்லிமா இல்லையா என்று பார்க்காமல் தெருவில் உள்ள எல்லா வீட்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டார் உரிமையில் மார்க்கம் பிரித்துப் பார்ப்பதில்லை, சாக்கடைத் தண்ணீரும் பிரித்துப் பார்க்காது.

வேலைக்கு வருகிறவர்களிடம் நடந்துகொள்வதிலும் ஓர் அதபு இருக்கிறது. குடிக்கத் தண்ணீரும், கை கழுவச் சோப்பும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டும். பேசிய கூலியை அவர் வியர்வை உலரும் முன் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வாரமே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேளுங்கள்: நம் தொட்டி எங்கே இருக்கிறது? கடைசியாக எப்போது எடுத்தோம்? பதில் தெரியவில்லை என்றால், எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளை உள்ளும் புறமும் தூய்மையாக வைத்துக்கொள்ளவும், நம் கையால் எந்த அண்டை வீட்டாருக்கும், எந்த உழைப்பாளிக்கும் தீங்கு நேராமல் வாழவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.